வளனுக்கு ஒரு மகள் வேண்டும்

தூத்துக்குடி,
12 நவம்பர் 2024

அன்பான அமலி அக்காவுக்கு, உன் தங்கை விஜிலா தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. மலைக்குளிரில் உன் மூட்டுவலி எப்படி? இதை உனக்கு முன்னால் மடத்துத் தாயார் வாசிப்பார் என்பதால் அவருக்கும் என் வணக்கம்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் மடத்து ஃபோன் சாவுச் செய்திக்கு மட்டும்தான் என்று தெரியும், அதனால் தபால். இந்த வருடம் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழே வாசிக்க வராது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். “என்ன வாசிச்ச?” என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் பனிப்பிரதேசத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதை நடத்தினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

கதை கட்டுவதில் உன்னை அடிக்க நம் தெருவில் ஆள் கிடையாது. வெளியே வரவே முடியாத அடைப்பு மடத்துக்குப் போய் இத்தனை வருடம் ஆனாலும் அது உன்னை விட்டுப் போயிருக்காது. ஆளில்லாத இடத்தில் தனியாக மாட்டிக்கொண்டு பிழைத்துக் கிடக்கிற ஒருவனின் கதையைத் துண்டு துண்டாக எழுதி அனுப்பு. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து புதுச் சொல் இருக்கட்டும், அடியில் அவற்றின் பொருளை எழுதிவிடு. வாசித்தது புரிந்ததா என்று பார்க்க நாலு கேள்வியும் வேண்டும்.

பிரகாசி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். அவளை வாசிக்க வைத்துவிட்டால் நான் வாங்குகிற சம்பளம் செரிக்கும். பதில் போடு அக்கா.

உன் விஜி


அடைப்பு மடம்,
22 நவம்பர் 2024

சேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும், ஏளா விஜி.

மூட்டு வலிக்கிறது. குளிருக்கு வலிக்கிறதா வயதுக்கு வலிக்கிறதா என்று அதனிடம்தான் கேட்க வேண்டும். அம்மாவின் வாயைக் கட்டுப்படுத்த மாத்திரை கண்டுபிடித்தால் முதலில் உனக்கு ஒன்று வாங்கிக்கொள்.

தாயாரிடம் உத்தரவு கேட்டேன். “செபத்துக்கு நடுவுல கதை ஓடாம பாத்துக்கங்க சிஸ்டர்” என்று சிரித்தார். ஓடத்தான் செய்கிறது. மடத்துக்குப் பின்னால் பெரிய காடு. அந்தக் காட்டுக்குள் தேன் எடுக்கப் போய் வழிதவறிய ஒருவனைப் பற்றி இரண்டு துண்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஒரு யோசனை. புதுச் சொல்லை முதலிலேயே பலகையில் எழுதிப் போட்டுவிடாதே. கதைக்குள் அது வரட்டும். முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துப் பிள்ளைகளே பொருளை ஊகிக்கட்டும். பிறகு அடியில் பார்த்துச் சரிபார்க்கட்டும். தானாகக் கண்டுபிடித்த சொல்லை எந்தப் பிள்ளையும் மறக்காது.

டிசம்பர் முதல் தேதி ஆகமன காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வருவதைத் திறப்பதும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் அப்படித்தான். உறையில் ‘அவசரம்’ என்று எழுதினாலும் பெட்டியில்தான் கிடக்கும். எழுதுவதை அதற்கு முன்னால் எழுது.

செபத்தில் நினைக்கும்,
அமலி அக்கா


தூத்துக்குடி,
26 நவம்பர் 2024

அன்பான அக்காவுக்கு, தோத்திரம். உன் கடிதம் நேற்று வந்தது. மாத்திரையைப் பற்றி எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், என்னைத்தான் திட்டினாள்.

அவசரமாக எழுதுகிறேன். இன்றைக்கு வகுப்பில் வாசித்துப் பார்த்தேன், காடு எடுபடவில்லை. உன் ஆள் யானையைப் பார்த்துப் பயப்படுகிற இடத்தில், “ஏன் டீச்சர் நிக்கான்? கடல்ல குதிச்சிர வேண்டியதானே?” என்று ஒருவன் கேட்டான். காட்டில் கடல் கிடையாதுலே என்றேன். “அப்ப எங்கன குளிப்பான்?” என்று இன்னொருவன். இன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

அதனால் தீவு ஒன்று வேண்டும். நமக்கு எதிரே கிடக்கிற தீவுகள் மாதிரி, ஆள் குடியில்லாத, முள்ளும் மணலுமாக ஒரு தீவு. தேன் எடுக்கிறவன் வேண்டாம். கடலுக்குப் போய் வள்ளம் கவிழ்ந்து நீந்திக் கரையொதுங்கியவனாக இருக்கட்டும். வளன் என்று பேர் வை.

இன்னொன்று. வளனுக்கு ஒரு மகள் வேண்டும். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள். காரணம் கேட்காதே.

கிறிஸ்மஸுக்கு அப்புறம் உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

விஜி


அடைப்பு மடம்,
28 டிசம்பர் 2024

பாலன் பிறந்த மகிழ்ச்சி உங்கள் எல்லோருக்கும் உண்டாவதாக. கிறிஸ்மஸுக்கு அம்மா அனுப்பிய முறுக்கு தூளாகத்தான் வந்தது, ஸ்பூனால் சாப்பிட்டோம்.

விஜி, உன் தீவு என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நம் தெரு ஆண்கள் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டதெல்லாம் இத்தனை காலம் என் காதிலேயே இருந்திருக்கிறது. மூன்று துண்டு வைத்திருக்கிறேன். இரண்டாவதில் இப்படி வரும்:

‘வளன் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டான். தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது. உப்புத் தண்ணீரைக் குடித்தால் தாகம் கூடும் என்று அவனுக்குத் தெரியும். அலைக்கு எட்டாத மணல்மேட்டுக்குப் பின்னால் கையாலேயே பள்ளம் தோண்டினான். வெகுநேரம் கழித்து அடியில் ஈரம் கசிந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தான். முழு உப்பு இல்லை. அது ஊற்று. “மகளே, இன்றைக்குப் பிழைத்தேன்” என்று சத்தமாகச் சொன்னான்.’

தாகம், மேலண்ணம், மணல்மேடு, கசிவு, ஊற்று. இந்த ஐந்தும் இந்தத் துண்டுக்கு. தாயார் இதை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, “மழை பெய்யுமா சிஸ்டர்?” என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன்.

காரணம் கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்கிறேன். மகள் எதற்கு?

அன்புடன்,
அமலி


தூத்துக்குடி,
12 ஜனவரி 2025

அன்பான அக்காவுக்கு, தோத்திரமும் புத்தாண்டு வாழ்த்தும். எல்லோரும் நலம். நான் நலத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறேன்.

பிரகாசி வாசித்துவிட்டாள்! வியாழக்கிழமை நான் இரண்டாவது துண்டை வாசிக்கும்போது தும்மல் வந்து நிறுத்தினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம், ‘விரலை நனைத்து நாக்கில் வைத்தான்’ என்று. திரும்பினால் பிரகாசி எழுந்து நிற்கிறாள், கையில் தாள். ‘மேலண்ணம்’ என்ற சொல்லில் தடுக்கினாள், திரும்பப் பிடித்துக்கொண்டாள், கடைசி வரை வாசித்தாள். வகுப்பே வாயைப் பிளந்தது. நான் அழுததைப் பிள்ளைகள் சளி என்று நினைத்திருக்கும்.

‘தீவில் உயிர் வாழ வளன் என்ன செய்தான்?’ என்ற கேள்விக்கு மற்றப் பிள்ளைகள் ஒரு வரி எழுதினார்கள். இவள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். நண்டு, சங்குச் சதை, விடியற்காலையில் இலையிலிருந்து பனியை நக்கியது, ஒன்றுவிடாமல். எங்கள் தலைமையாசிரியர் ஏசுவடியான் சார் அந்தத் தாளைப் பள்ளியைப் பார்வையிட வந்திருந்த அதிகாரியிடம் காட்டி, அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். “எப்படிம்மா இத சாதிச்சீங்க?” என்று அதிகாரி என்னைக் கேட்டார். நானும் வெட்கமில்லாமல் நின்று சிரித்தேன்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “டீச்சர், வளன் கட்டியிருந்த சாரம் நீலக் கலரா?” ஆமா என்று சொல்லிவிட்டேன். அடுத்த துண்டில் நீலம் என்று எழுதிவிடு அக்கா.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றுதான்.

அம்மா உன்னைக் கேட்டாள். பொங்கல் முடிந்து மறுபடி எழுதுகிறேன்.

விஜி


அடைப்பு மடம்,
30 ஜனவரி 2025

சேசுவின் அமைதி. இங்கே குளிர் குறைகிறது, மூட்டும் கொஞ்சம் இரக்கப்படுகிறது.

பிரகாசி வாசித்ததைத் தாயாரிடம் சொன்னேன், அன்றைய செபமாலையை அவளுக்காகச் சொன்னோம். நான்காவது, ஐந்தாவது துண்டு இதோடு இருக்கிறது. நான்காவதில் வளன் தன்னிடம் இல்லாததையெல்லாம் நினைத்து ஏங்குகிறான். ‘வளனுக்கு எவை தேவைப்பட்டன?’ என்பது கேள்வி. ஐந்தாவதில் தூரத்தில் ஒரு கப்பல் போகிறது. அவனைப் பார்க்காமலே போகிறது.

நீ சொன்னபடி நீலம் என்று எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் மனசு உறுத்தியது. கதையில் வருகிறவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாரம் என்ன நிறம் என்று நம் தெருவில் யார், எப்போது கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும் விஜி. கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது என்று ஆள் வந்து சொல்லும்போது வீட்டுப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி அது.

அந்தப் பிள்ளையின் அப்பா எங்கே?

அமலி


தூத்துக்குடி,
19 பிப்ரவரி 2025

அன்பான அக்காவுக்கு, தோத்திரம். அம்மா சுகம். பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அவள் அப்பா பேர் ரோச். அக்டோபர் கடைசியில் காற்று எழும்பிய அன்றைக்கு இன்னொருவரோடு வள்ளத்தில் போனவர். கூடப் போனவரின் உடல் மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்கியது. ரோச் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கட்டியிருந்தது நீலச் சாரம்.

உன்னிடம் கதை கேட்டபோதே எனக்கு இதெல்லாம் தெரியும். சத்தியமாக அவளை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. கடலைப் பற்றிய கதை என்றால் அவள் காது கொடுப்பாள் என்று நினைத்தேன். கொடுத்தாள். அப்புறம் அவள் வாசிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கேட்டு எனக்கே ஆசை பிடித்துவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்கு நம் தெருவில் செய்கிற அடக்கம் உனக்கு நினைவிருக்கும். துவைத்த சாரம் ஒன்றையும் செபமாலையையும் சவப்பெட்டியில் வைத்துக் குழிக்குள் இறக்குவது. ரோச்சுக்கு அதைச் செய்துவிட்டு, பிரகாசியைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் அம்மா நேவிஸ் முடிவு பண்ணியிருந்தாள். இவள் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு திறக்கவிடவில்லை. “வளன் ஊத்துத் தண்ணி குடிச்சிட்டு இருக்காருல்லா? எங்கப்பாவுக்கும் தெரியும்மா, அவரு தோண்டுவாரு” என்று அவள் சொன்னாளாம். நேவிஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். “டீச்சர், அந்தக் கதை எப்ப முடியும்? முடிஞ்சாதான் எம்பிள்ள என்கூட வருவா” என்று கேட்டாள்.

அக்கா, வளனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு. கதைதானே. ஒரு சந்தோஷத்தோடு முடித்துவிட்டால் அப்புறம் மெதுவாக நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

விஜி


அடைப்பு மடம்,
27 பிப்ரவரி 2025

விஜி, சமாதானம்.

மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. உனக்குக் கோபமாக நாலு வரி எழுதினேன், கிழித்துப் போட்டேன். காரணம் தெரியாமலே மகளைக் கொடுத்தது நான், சாரத்துக்கு நீலம் போட்டது நான். தாயார் சிரித்தார், மடத்தில் புதிதாகச் சேர்ந்த நவசன்னியாசிகள் கேட்டு ரசித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. என் பெருமைக்கு ஒரு பிள்ளை அங்கே பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

வளனை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு பக்கம் போதும். கொண்டுவரமாட்டேன். கொண்டுவந்தால் அவள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனை வருடம் பார்ப்பாள் என்று யார் சொல்வது? வேறு முடிவு எழுத வேண்டும். அதை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கிற மாதிரி எழுத எனக்கு நாள் வேண்டும்.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். உயிர்ப்பு ஞாயிறு வரை கடிதப் பெட்டி பூட்டிக் கிடக்கும். அதுவரை கதையும் நோன்பு இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிடு. அதற்குள் அவள் வீட்டுக்குப் போ. “வளன் நானும் அக்காவும் சேர்ந்து கட்டிய ஆள், உன் அப்பா வேறு” என்று சொல்லு. நீதான் சொல்ல வேண்டும். தள்ளிப்போடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

அமலி


தூத்துக்குடி,
18 மார்ச் 2025

அன்பான அக்காவுக்கு, தோத்திரம். நீ நலமாக இருக்க வேண்டும். இதை இப்போது வாசிக்கமாட்டாய் என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று நேவிஸிடம் காய்ச்சல் பரவுவதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கதை நோன்பு இருக்கிறது என்றதும் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. “வளன் மட்டும் எதுக்கு டீச்சர் பட்டினி கெடக்கணும்?” என்று சண்டை. பிரகாசி சண்டை போடவில்லை. தினமும் நான் பையைத் திறக்கும்போது என் கையையே பார்ப்பாள். அக்கா, உனக்கு அந்தப் பார்வை தெரியாது. நீ மலைமேல் இருந்துகொண்டு எழுதிவிட்டாய். எதிரே உட்கார்ந்திருக்கிறது நான்.

வெள்ளிக்கிழமை நானே எழுதினேன். உன்னைப் போலவே கையெழுத்தைச் சாய்த்து எழுதினேன். சிஸ்டர் கடைசித் துண்டை அனுப்பிவிட்டார் என்று வகுப்பில் வாசித்தேன். வளன் தன் சாரத்தைக் கம்பில் கட்டி ஆட்டுகிறான், ஒரு வள்ளம் பார்க்கிறது, விடியற்காலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான், மகள் ஓடிவந்து திறக்கிறாள். பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் பண்ணினார்கள். பிரகாசி தாளைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இதை நீ உயிர்ப்பு நாளில் திறப்பாய், சந்தோஷமான நாளாகப் பார்த்துத் திறப்பாய். அதற்கும் சேர்த்து என்னைத் திட்டு.

விஜி


தூத்துக்குடி,
6 ஏப்ரல் 2025

அக்கா, நலம் விசாரிக்க மனசு கூடவில்லை. ஆனாலும் நீ நலமாக இரு.

பிரகாசி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நேவிஸ் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். சாயங்காலம் தெருவே தேடியது. கிணறு, ரயில் பாதை, துறைமுகச் சுவர் ஓரம் எல்லாம் தேடினோம். காலையில் சங்கு குளிக்கப் போன வள்ளம் ஒன்றின் பாய்க்கு அடியில் ஒளிந்திருக்கிறாள். நமக்கு எதிரே கிடக்கிற தீவு ஒன்றுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கிய நேரத்தில், ஆழமில்லாத பக்கமாக இறங்கித் தீவுக்கு நடந்துவிட்டாள். அவள் வந்ததும் அவர்களுக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

ஒரு ராத்திரி முழுக்க அந்தத் தீவில் தனியாகக் கிடந்திருக்கிறாள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போன வள்ளக்காரர் ஒருவர் கம்பில் கட்டிய சட்டையைப் பார்த்திருக்கிறார். ரோச்சின் சட்டை. அது இல்லாவிட்டால் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன் என்று அவர் சொன்னார்.

அவள் பையில் தண்ணீர் பாட்டில், தீப்பெட்டி, கயிறு, முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தன. ‘வளனுக்கு எவை தேவைப்பட்டன?’ என்று நீ கேட்டிருந்தாயே, அதற்கு அவள் இதே நாலையும்தான் விடையாக எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் சரி போட்டு, ‘மிக நன்று’ என்றும் எழுதியிருக்கிறேன்.

மணல்மேட்டுக்குப் பின்னால் பள்ளம் தோண்டியிருந்தாளாம். பாட்டில் தண்ணீர் தீர்ந்தும் கடல் தண்ணீரைத் தொடவில்லை என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். பாதம் இரண்டும் பாறையில் கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், “அங்கன அப்பா இல்ல டீச்சர். சுத்திப் பாத்துட்டேன்” என்றாள். அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. நவம்பரில் இருந்த மாதிரியே ஆகிவிட்டாள்.

நேவிஸ் என்னைத் திட்டவில்லை. “எம்பிள்ள வாசிக்கான்னு நீங்க சொன்னப்ப எனக்கும் சந்தோசமாத்தானே இருந்துச்சு டீச்சர்” என்றாள். என் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். ஏசுவடியான் சார் மூன்று நாள் லீவு போட்டுக்கொள்ளச் சொன்னார். கடைசித் துண்டு நான் எழுதியது என்று இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில், தெருவில், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. உன் பேரைப் போட்டு எழுதியதால் எல்லோரும் மடத்துச் சிஸ்டர் கதை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நான் பேசாமல் இருக்கிறேன்.

விஜி


அடைப்பு மடம்,
21 ஏப்ரல் 2025

விஜி, ஆண்டவர் உயிர்த்தார்.

நேற்றுப் பூசை முடிந்து பெட்டியைத் திறந்தார்கள். உன் கடிதம் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தந்தார்கள். தாயார் முதலில் வாசித்திருந்தார், என் தட்டில் கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தவக்காலத்தில் எழுத நான் உத்தரவு கேட்டிருந்தால் தாயார் கொடுத்திருப்பார். இல்லையென்றால் தவக்காலத்துக்கு முன்பே முடிவை எழுதி அனுப்பியிருக்கலாம். நன்றாக எழுத வேண்டும் என்று நாள் கேட்டேன். நன்றாக எழுதி யாருக்குக் காட்டப் போகிறேன்? இதை உன் பாரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. உன் பாரம் உனக்கு, என் பாரம் எனக்கு.

என் பேரில் பழி இருப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, அடைப்புக்குள் எந்தப் பழி எட்டப்போகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு பொய்யை நம்பித்தான் கடலில் இறங்கினாள் என்றால், அது பொய் என்று சொல்கிற வாய் உன்னுடையதாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. காய்ச்சலைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடாதே.

முடிவை எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இனி எழுதுவேனா என்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு என் முத்தம்.

அமலி


தூத்துக்குடி,
4 மே 2025

கதை எழுதுற சிஸ்டருக்கு, மாணவி பிரகாசி தோத்திரம். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். காலுல தையல் பிரிச்சாச்சு. உங்களுக்கு மூட்டுவலின்னு டீச்சர் சொன்னாங்க, இப்ப எப்படி இருக்கு?

நான் லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா திருத்த வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். அவங்க ஸ்டாம்பு மட்டும் ஒட்டித் தருவாங்க.

டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாங்க. கடைசிப் பாடம் சிஸ்டர் எழுதல, நான்தான் எழுதினேன்னு அம்மா முன்னாடி சொன்னாங்க. தரையில உக்காந்து ரொம்ப அழுதாங்க. அம்மாவும் அழுதாங்க. எனக்கு அது முன்னாடியே தெரியும் சிஸ்டர். நீங்க எழுதுறதுல எப்பவும் எனக்குத் தெரியாத சொல் அஞ்சு இருக்கும். கடைசியில உள்ளதுல ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நாங்க ஏற்கெனவே படிச்ச சொல்லு. அடியில கேள்வியும் இல்ல. நீங்க எழுதினதுன்னா டீச்சர் நிறுத்தி நிறுத்தி வாசிப்பாங்க. அன்னைக்கு ஓடிட்டே வாசிச்சாங்க. எங்களப் பாக்கவே இல்ல.

டீச்சர் பாவம்னு நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அவங்களே முந்திக்கிட்டு நல்ல முடிவா எழுதுறாங்கன்னா, நீங்க எழுதப்போற முடிவு நல்லதா இருக்காதுன்னு நெனச்சேன். உங்க லெட்டர் வாரதுக்குள்ள நானே போய்ப் பாத்துரலாம்னுதான் போனேன். அங்கன பறவை மட்டும்தான் இருந்துச்சு. ஊத்துத் தண்ணி நெஜமாவே வந்துச்சு சிஸ்டர், கொஞ்சம் உப்பா இருந்துச்சு. ராத்திரி பயமா இருந்தப்ப உங்க பாடத்த மனப்பாடமா சொல்லிட்டே இருந்தேன்.

நேத்து எங்கப்பாவுக்கு அடக்கம் நடந்துச்சு. சாரத்தப் பெட்டியில நான்தான் வச்சேன். சட்டைய வைக்கல, அது எனக்கு வேணும். டீச்சர் என் பக்கத்துல நின்னாங்க. அடுத்த வாரம் நாங்க மணப்பாட்டுக்குப் போறோம். அங்கன உள்ள பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்பு சேரணும்.

வளன் கதைய நீங்க இன்னும் முடிக்கலன்னு டீச்சர் சொன்னாங்க. மணப்பாட்டு விலாசத்த பின்னாடி எழுதியிருக்கேன். முடிச்சு அனுப்புங்க சிஸ்டர். அவரு செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னே எழுதுங்க. அந்த மக அப்புறம் என்ன செஞ்சான்னும் எழுதுங்க. கஷ்டமான சொல் வந்தா அடியில பொருள் போட்டுருங்க. நான் வாசிச்சுருவேன்.

இப்படிக்கு,
ரோ. பிரகாசி